சாத்த மறந்த வாசல்

கேமரா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

தெயனீரா அதைக் கவனித்தது பகல் ஒரு மணிக்கு, சாப்பிட்ட தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தைக் கடக்கும்போது. கண்ணாடி அலமாரியின் தலையில், பிளாஸ்டிக் பூக்கூடைக்குப் பக்கத்தில், கைமுட்டி அளவு வெள்ளை உருண்டையாக உட்கார்ந்திருந்தது அது. ஒன்பது நாளும் எதிர்மூலையில் இருந்த பீடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது: எலாடியோவின் படம், அணையாத மெழுகுவத்தி, ஒரு டம்ளர் தண்ணீர், வெள்ளைத் துணி. பீடத்தைக் கலைத்து மூன்று நாளாகிறது. மூலையில் இப்போது வெறும் தரைதான், துணி விரித்திருந்த இடம் மட்டும் கொஞ்சம் பளிச்சென்று. கேமரா அந்தப் பக்கமே இல்லை. படுக்கையறைக்குப் போகும் நடையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பூனை தட்டிவிட்டிருக்கும் என்று நினைத்தாள். அந்த வீட்டில் பூனை கிடையாது. அதுவும் அவளுக்கு ஞாபகம் வந்தது. வந்து, வந்த வழியே போய்விட்டது. முக்காலியைப் போட்டு ஏறி, உருண்டையை மூலைப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள்.

நாலாவது மாடிச் சாரத்திலிருந்து எலாடியோ விழுந்த செய்தி வந்த நிமிடத்திலிருந்து அவளுக்கு எல்லாமே இப்படித்தான். காது கேட்கிறது, கண் தெரிகிறது, கை வேலை செய்கிறது. நடுவில் இருக்க வேண்டிய எதுவோ இல்லை. சந்தியாகோவின் அந்தத் தெருவில் ஒரு சாவு விழுந்தால் பெண்கள் அழுவது ஆற்றுப்பாலம் வரை கேட்கும். புருஷனைப் பறிகொடுத்தவளை மூன்று பேராவது பிடித்துக்கொள்ள வேண்டும். மயங்கி விழுந்தால் முகத்தில் ஆல்கஹால் தடவ ஒருத்தி பாட்டிலோடு நிற்பாள். தெயனீராவைப் பிடிக்கவும் மூன்று பேர் நின்றார்கள். அவளோ அடுக்களைக்குப் போய் வந்தவர்களுக்கு இஞ்சித் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பிடிக்க வந்த கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் ஆளுக்கொரு டம்ளரை வாங்கிக்கொண்டன.

அழ வேண்டும் என்று அவளுக்கும் ஆசைதான். வரவில்லை. அதற்கு அவள் என்ன செய்வாள்?

கேமராவை வைத்தவன் வில்கின். இரண்டு தெரு தள்ளி செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான்; அவள் மகள் நயேலிக்கு ஞானத்தகப்பன். அந்த உறவில் அவளைக் ‘கொமாத்ரே’ என்றுதான் கூப்பிடுவான், அவளும் அவனைக் ‘கொம்பாத்ரே’ என்பாள். எலாடியோவின் அத்தைகள் ஐந்து பேரும் நியூயார்க்கில், பிராங்ஸில் இருந்தார்கள். விசா, வேலை, மூட்டுவலி என்று ஆளுக்கொரு காரணம். ஒருவராலும் வர முடியவில்லை. ஆனால் ஒன்பது நாள் செபத்திலும் இல்லாமல் போனால் ஊரில் நாலு பேர் என்ன பேசுவார்கள்? அதனால் வில்கின் கடையிலிருந்து கேமராவைக் கொண்டுவந்து வைத்து, அத்தைகளின் போனில் கூடம் தெரியும்படி செய்துகொடுத்தான். மின்சாரம் போனாலும் செபம் நிற்காமல் இருக்க, பேட்டரி உள்ளதாகவே பார்த்து எடுத்துவந்தான். முதலில் பாஸ்வேர்டு போட்டிருந்தான். “கண்ணாடியத் தேடி எடுத்து மாட்டி, நீ குடுத்த எழுத்த ஒவ்வொண்ணா அடிக்கிறதுக்குள்ள செபமாலையே முடிஞ்சிடும்டா” என்று மூத்தவள் ஃபெஃபா அத்தை போட்ட சத்தத்தில் அதையும் எடுத்துவிட்டான். ஒரு இடத்தைத் தொட்டால் கூடம் தெரியும், பேசினால் கூடத்தில் கேட்கும், அம்புக்குறியைத் தொட்டால் உருண்டை கழுத்தைத் திருப்பும். ஒன்பது மாலையும் அத்தைகளின் ‘அருள் நிறைந்த மரியே’ அலமாரி மேலிருந்து ஒரு நொடி பிந்திப் பிந்தி வந்தது. செபம் முடிந்ததும் கிசுகிசுப்பும் வந்தது. பேசுவது இங்கே கேட்கும் என்பதை அத்தைகள் அடிக்கடி மறந்துவிடுவார்கள்.

“இன்னிக்காவது அழுதாளாடி?”

“எங்க. கல்லு கணக்கா உக்காந்திருக்கா.”

ஒன்பதாம் நாள் சாஸ்திரப்படி எல்லாம் முடிந்தது. மெழுகுவத்தியை அணைத்தார்கள். டம்ளர் தண்ணீரை வாசலுக்கு வெளியே கொட்டினார்கள். செபம் சொல்ல வந்த கிழவி, “போப்பா எலாடியோ, இங்க உனக்கு இனிமே ஒரு வேலையும் இல்ல” என்று காலியான மூலையைப் பார்த்துச் சொன்னாள். ஒன்பது நாளும் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று திறந்தே கிடந்த வாசல் கதவைச் சாத்தினார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். அலமாரி மேலிருந்ததை எடுப்பது யார் வேலை என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு மணிக்கு மின்சாரம் போனது. மூலைக்கடையின் பாட்டு பாதியில் நின்றது. மாமரத்தடியில் டோமினோ விளையாடும் ஆட்கள் கட்டைகளை மேசையில் அறையும் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது, பிறகு அதுவும் வெயிலில் மெதுவாகிப் போனது. மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. அடுக்களையில் துக்கத்துக்கு வந்தவர்கள் கொடுத்துப்போன கொய்யாப்பழம் சாக்கோடு அழுகிக்கொண்டிருந்த வாசனையும், பன்னிரண்டு நாளாகியும் சுவரை விட்டுப் போகாத மெழுகு வாசனையும் ஒன்றாகக் கலந்து, சாத்திய மரச் சன்னல்களுக்குள் அடைந்து நின்றன. இன்வெர்ட்டர் மட்டும் கீழே எங்கோ ஒரே சுதியில் முனகிக்கொண்டிருந்தது. அதில் ஓடுவது குளிர்பெட்டியும் இன்டர்நெட் பெட்டியும் மட்டும். தெயனீரா படுக்கையில் ஒருக்களித்துப் படுத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கூடத்திலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. நயேலியின் குரல்.

நயேலிக்கு ஆறு வயது. அடக்கம் முடிந்து வந்த நாளிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை. பசிக்கிறதா என்றால் தலையாட்டுவாள், தூக்கம் வருகிறதா என்றால் போய்ப் படுத்துக்கொள்வாள். பள்ளிக்கூட டீச்சர் வந்து பார்த்துவிட்டு, “கட்டாயப்படுத்தாதீங்க, தானா வரும்” என்று சொல்லிப்போனாள். இப்போது தானாக வந்திருந்தது. தெயனீரா எழுந்து செருப்பில்லாமல் நடையில் நடந்தாள். பிள்ளை கூடத்து நடுவில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள், முகத்தை மேலே தூக்கிக்கொண்டு.

“யார்கூட பேசிட்டிருந்த?”

“அப்பாகூட.”

“அப்பா என்ன சொன்னாரு?”

“சளி புடிச்சிருக்காம். அதான் குரல் ஒரு மாதிரி இருக்காம்.”

தெயனீரா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளே எதுவோ லேசாக அசைந்தது. அதைச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது, ஆனால் அதற்குப் பக்கத்து வீடு. பிள்ளை பேசிவிட்டாள், யாரோடு பேசினால் என்ன, பொம்மையோடு பேசட்டும், செத்தவனோடு பேசட்டும். அவள் நயேலியின் தலையைத் தடவிக் கொடுத்தாள். தான் தலை நிமிர்ந்து மேலே பார்க்கவில்லை. நிமிர்ந்திருந்தால் உருண்டை திரும்பவும் நடையைப் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்திருக்கும்.

மறுநாள் மதியம் பிசைந்த வாழைக்காயும் முட்டையும் சாப்பிடும்போது நயேலி தானாகவே பேசினாள்.

“அம்மா, நீ ஏம்மா அழவே மாட்டேங்கிற?”

“யார் சொன்னா?”

“அப்பா கேட்டாரு. நீ கட்டில்ல படுத்துக்கிட்டு சுவத்தையே பாக்கிறியாம். நேத்து மூணு மணி நேரம் பாத்தியாம்.”

கரண்டி வாய்க்குப் போகவில்லை. தெயனீரா திரும்பி நடையின் நீளத்தைப் பார்த்தாள். கூடம், நடை, திறந்திருக்கும் அறைக்கதவு, கட்டில், தலையணை. எல்லாம் ஒரே கோட்டில். அந்தக் கோட்டின் இந்த முனையில் அலமாரி. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உருண்டைக்குள்ளிருந்து ஒரு சின்ன முனகல் வந்தது, கழுத்து அரை அங்குலம் இறங்கியது, கண்ணாடிக் கண் நேராக அவள் முகத்துக்கு வந்து நின்றது.

அத்தைகள்தான். வேறு யார். அங்கே பிராங்ஸில் குளிரில் உட்கார்ந்துகொண்டு, பிள்ளையைத் தேற்றுகிறேன் என்று யாராவது ஒரு மாமாவைப் பேச வைக்கிறார்கள். அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். முக்காலியில் ஏறி, பாத்திரம் துடைக்கும் துணியை உருண்டை மேல் போட்டாள்.

நயேலி ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். “அப்பாவுக்கு மூச்சு முட்டும்மா.”

“முட்டாது.”

பிள்ளை அன்று மாலை முழுக்கப் பேசவில்லை. பசிக்கிறதா என்றதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். பழைய தலையாட்டல். தெயனீரா ஒரு மணி நேரம் தாங்கினாள், இரண்டு மணி நேரம் தாங்கினாள். பிறகு போய்த் துணியை எடுத்துவிட்டாள். என்ன கெட்டுப்போகிறது, அத்தைகள்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நயேலி கூடத்துக்கு ஓடினாள்.

அதற்கு அடுத்த நாள், பதினாலாம் நாள், பிள்ளை மதியத் தூக்கத்தில் இருக்கும்போது ஃபெஃபா அத்தைக்குப் போன் போட்டாள்.

“அத்தை, நயேலிகூட உங்க வீட்டு ஆம்பள யாராச்சும் பேசுறாங்களா?”

“எதுல?”

“கேமராவுல.”

“அட போ மகளே. ஒன்பதாம் நாள் முடிஞ்ச வீட்ட யாராவது எட்டிப் பாப்பாங்களா? செத்தவன் போறப்ப நம்மளையும் கூட்டிட்டுப் போயிடுவான். நாங்க அஞ்சு பேரும் அன்னிக்கே அதப் பாக்கிறத விட்டாச்சு.” அத்தை கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். “ஆனா ஒண்ணு. முந்தாநாள் கை தெரியாம பட்டு ஒரு நிமிஷம் உங்க கூடம் வந்துச்சு. மேல ஒரு நம்பர் வருமில்ல, எத்தன பேரு பாக்குறாங்கன்னு? செபத்தப்ப நம்ம குடும்பம் மொத்தமே பதினாலு பேருதான். அன்னிக்கு நானூத்திச் சொச்சம் காட்டுச்சு. மெஷின் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். நீ அழுதியா மகளே?”

“இல்ல அத்தை.”

“அழுதுடு. உள்ள வெச்சிருக்காத.”

தெயனீரா போனை வைத்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறிக் கேமராவின் ஒயரைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு அணையவில்லை. பேட்டரி. அந்த ஊரில் பேட்டரி இல்லாமல் எதுதான் இருக்கிறது. துணியைத் திரும்பப் போட்டு நாலு பக்கமும் இறுக்கிச் செருகினாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். நயேலி வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். வாசல் இரும்புக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது, பெரியவர்கள் கைக்கு எட்டுகிற உயரத்தில். அதை அப்படியே விட்டுப் பின்வாசல் வழியாக வெளியே வந்து பூட்டுப் போட்டாள். வில்கினின் கடை இரண்டு தெரு. பத்து நிமிடம்.

வில்கின் ஒரு போனின் வயிற்றைக் கிழித்து வைத்துக் குனிந்திருந்தான். அவள் சொன்னதைக் கேட்டதும் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான்.

“இன்னும் அதத் தொறந்தா வெச்சிருக்க, கொமாத்ரே?”

“தொறந்தது நீ. எனக்கு என்ன தெரியும்?”

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். நல்ல மனிதன், தான் செய்த தப்பை எங்கே ஒளிப்பது என்று தெரியாத முகம். “இங்க பாரு. இன்டர்நெட் கம்பெனிக்காரன் வீட்ல வெச்சிட்டுப் போற பெட்டி இருக்கே, அது வாட்ச்மேன் கணக்கா. நீ உள்ள இருந்து யாரையாவது கூப்பிட்டா, பதில் சொல்றவன உள்ள விடும். சும்மா வந்து தட்டுறவன விடாது. எனக்கு அத்தைங்க வெளிய இருந்து வரணும். அதனால ஒரே ஒரு வாசலத் தொறந்து, வர்றவங்க எல்லாரையும் நேரா கேமராகிட்ட அனுப்புன்னு சொல்லி வெச்சேன். யாருன்னு கேக்காதன்னும் சொல்லிட்டேன்.”

“நம்ம வீடு எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்?”

“தெரியவே வேணாம். ஒவ்வொரு வீட்டுக்கும் வெளிய ஒரு நம்பர் இருக்கு. உலகத்துல இருக்குற அத்தன நம்பரையும் தட்டித் தட்டிப் பாக்குறதுக்குன்னே மெஷின் இருக்கு. சோறு தண்ணி கெடையாது அதுக்கு. எது தொறக்குதோ அத எழுதி வெச்சுக்கும். எழுதி வெச்சத ஊருக்கே காட்டுற பக்கமும் இருக்கு.”

“எவ்வளவு நாள்ல கண்டுபுடிக்கும்?”

“மொத நாள் செபமாலை முடியறதுக்குள்ள கண்டுபுடிச்சிருக்கும்.”

சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரைத் தட்டினான். அவனுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள்: யாரோ ஒருவரின் கோழிப்பண்ணை, மூடிய ரொட்டிக்கடை, காலியான பல் ஆஸ்பத்திரி நாற்காலி, மழையில் நனையும் கார்கள், தூங்குகிற ஒரு கிழவர். ஒவ்வொன்றுக்கும் கீழே நாட்டின் பெயர், ஊரின் பெயர். தெயனீரா ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினாள். கறுப்பாக இருந்தது அது. வில்கின் பெரிதாக்கினான். கறுப்பில்லை, நெசவு. பாத்திரம் துடைக்கும் துணியின் நூல்கள், ஒவ்வொன்றும் கயிறு தடிமனில்.

மேலே நம்பர். ஆயிரத்து இருநூற்று ஆறு.

அதற்கு மேலே ஒரு பெயர் போட்டிருந்தார்கள். அவளுக்கு வாசிக்க வருகிற ஸ்பானிஷ்தான். *அழாதவள். பதினாலாம் நாள்.*

பக்கத்தில் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. அவளுக்குத் தெரியாத பாஷைகள், நடு நடுவே தெரிந்தது. ‘திரும்பவும் துணி போட்டுட்டா.’ ‘பாப்பா எடுத்துடும்.’ ‘தெருப் பேரக் கேட்டதும் சொல்லிச்சே, நல்ல பாப்பா.’ ‘நேத்து சாப்பிடும்போது கண்ணு கலங்குச்சு.’ ‘இல்ல, அது வெங்காயம்.’ ‘புருஷன் பேர மூணு தரம் சொல்லிப் பாத்தாச்சு, ஒண்ணும் இல்ல.’ திட்டியிருந்தால் கூடப் புரிந்திருக்கும். யாரும் திட்டவில்லை. மழை வருமா வராதா என்று பேசுகிறவர்களின் பேச்சு அது.

ஒன்று மட்டும் ஓடாமல் மேலே நின்றது. அதற்குக் கீழே எண்ணூறு கைத்தட்டல்.

‘குழந்தை போனா அழுவா.’

“இத மூடு, கொம்பாத்ரே.”

“இங்க இருந்து முடியாது. அந்தப் பெட்டிய உன் வீட்டுக்குள்ள வந்துதான் தொட முடியும். வா, போலாம், வா.” அவன் சட்டையை மாட்டத் தொடங்கினான். ஒரு கை உள்ளே போயிருந்தது. அப்படியே நின்றான்.

திரையில் நெசவு நகர்ந்தது.

ஒரு மூலையில் வெளிச்சம். பிறகு துணி முழுசாக விழுந்தது. நயேலியின் முகம் திரை கொள்ளாமல் நின்றது, தூங்கி எழுந்த கன்னத்தில் தலையணைக் கோடுகளோடு. முக்காலியில் ஏறி நிற்கிறாள். தெயனீரா முக்காலியை எடுத்து வைக்கவில்லை. பிள்ளை எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். கடையில் சத்தம் வரவில்லை. தலையை ஆட்டினாள். பழைய தலையாட்டல் இல்லை இது. வேலை சொன்னால் சந்தோஷமாகச் செய்கிற பிள்ளையின் தலையாட்டல். இறங்கினாள். முக்காலியின் இரண்டு காலைப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போனாள்.

உருண்டை அவளோடு திரும்பியது. கூடம் நகர்ந்தது. சுவர் நகர்ந்தது. வாசல் வந்தது.

இரும்புக் கதவு. தாழ்ப்பாள். அதற்குக் கீழே முக்காலி.

நம்பர் இரண்டாயிரம்.

தெயனீரா ஓடினாள். செருப்பு ஒன்று கடை வாசலிலேயே கழன்றது. தார் சுட்டது. வில்கின் பின்னால் வந்தான், கையில் போன், கண் போனில். “என்ன தெரியுது?” என்று கேட்டாள். மறுபடி கேட்டாள். “ஓடு கொமாத்ரே” என்றான்.

முதல் தெரு. மூலைக்கடை. அவள் கடக்கும்போதே மின்சாரம் போய் அதன் பாட்டு நின்றது. ஒரு நாய் எழுந்து வழிவிட்டது. இரண்டாவது தெரு.

மாமரத்தடியில் நாலு பேரும் டோமினோவைக் கையில் பிடித்தபடி அவளைப் பார்த்தார்கள். அதில் ஒருவர், வயதானவர், எழுந்து நின்றார்.

“எம்புள்ள எங்க?” என்று தெயனீரா கேட்டாள்.

“இப்பத்தான் மோட்டார்ல போச்சே, மகளே. ஹெல்மெட் போட்ட ஆளு. முன்னாடி உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போனான். உங்க ஆளுன்னு நெனச்சோம்.” அவர் கையிலிருந்த கட்டைகளைப் பார்த்துக்கொண்டார். “சிரிச்சுக்கிட்டுதான் போச்சு.”

இரும்புக் கதவு திறந்து கிடந்தது. முக்காலி ஓரமாகத் தள்ளி வைக்கப்பட்டிருந்தது, யாருக்கும் கால் தடுக்காமல். கட்டிலில் போர்வை விலகியிருந்தது. குளியலறை. பின்கட்டு. கட்டிலுக்கு அடியில். அலமாரிக்குப் பின்னால். அவள் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பதில் வராது என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்துவிடும், அதற்குப் பயந்தாள். பயம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அது பக்கத்து அறையில் நடக்கிற சண்டை மாதிரி, சுவருக்கு அந்தப் பக்கமாகத்தான் கேட்டது. வில்கின் போலீசுக்கு விலாசம் சொல்லிக்கொண்டிருந்தான், இரண்டு தரம், மூன்று தரம். வருகிறோம் என்றார்கள். அவன் போனைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டு நேராக மூலைக்குப் போய் இன்டர்நெட் பெட்டியின் ஒயரைப் பிடித்தான்.

உருண்டை முனகியது. திரும்பியது.

“தெயனீரா” என்றது.

ஆண் குரல். சளி பிடித்த குரல். எலாடியோவுடையது இல்லை, அதற்குப் பக்கத்தில் கூட இல்லை. மரியாதையான குரல்.

“உக்காருங்க. நேரா எங்களப் பாத்து உக்காருங்க.”

“எம்புள்ள எங்க?”

“நல்லா இருக்கா. தேங்கா ஐஸ் வாங்கிக் குடுத்திருக்கு. நீங்க அழுதா போதும். வாசல்ல கொண்டுவந்து விட்ருவாங்க.”

வில்கின் ஒயரை முறுக்கிப் பிடித்திருந்தான். “பிடுங்கிடுறேன் கொமாத்ரே. இவனுங்க கண்ணக் குத்திடுறேன்.”

“தொடாத.”

“கொமாத்ரே—”

“அதத் தொடாத. அது போச்சுன்னா நான் யார்கிட்ட கேப்பேன்?”

அவன் விட்டுவிட்டான். ஒயர் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினான், பெரிய ஆள், தோள் குலுங்க, சத்தமாக. உருண்டை அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

தெயனீரா முக்காலியைக் கூடத்து நடுவில் கொண்டுவந்து போட்டாள். உட்கார்ந்தாள். முகத்தைத் தூக்கினாள்.

எலாடியோவை நினைத்தாள். சாரத்தை நினைத்தாள், விழுகிற நேரத்தில் அவன் எதைப் பார்த்திருப்பான் என்று நினைத்தாள். நயேலி பிறந்த அன்று அவன் ஆஸ்பத்திரி வராந்தாவில் சிமென்ட் ஒட்டிய பூட்ஸோடு நின்றதை நினைத்தாள். மோட்டாரின் பெட்ரோல் டாங்கி மேல் உட்கார்ந்து காற்றில் முடி பறக்கச் சிரிக்கிற பிள்ளையை நினைத்தாள். எல்லாம் வந்தது. ஒவ்வொன்றாக வந்து நின்றது. ஒன்றும் உள்ளே இறங்கவில்லை.

வாயைத் திறந்து ஓலமிட்டாள். அந்தத் தெருப் பெண்கள் எப்படி அழுவார்களோ அப்படியே. மார்பில் அடித்துக்கொண்டாள். தலையை ஆட்டினாள். முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு தோளைக் குலுக்கினாள்.

குரல் அவள் முடிக்கும்வரை காத்திருந்தது.

“அது இல்ல” என்றது. “நிஜமா.”

கையை எடுத்தாள். உள்ளங்கை உலர்ந்திருந்தது.

தொடையைக் கிள்ளினாள். நகம் இறங்கும்வரை கிள்ளினாள். வலி வந்தது. வலி மட்டும்.

“இருட்டறதுக்குள்ள” என்றது குரல். “அவசரம் இல்ல. நாங்க இருக்கோம்.”

தரையில் கிடந்த வில்கினின் போனில் அவள் முகம் தெரிந்தது, சின்னதாக. அதற்கு மேல் நம்பர். ஒன்பதாயிரம். பதினோராயிரம். எழுத்துகள் ஓடவில்லை இப்போது. எல்லோரும் எழுதுவதை நிறுத்தியிருந்தார்கள்.

மின்சாரம் வந்தது. தெரு முழுக்கப் பிள்ளைகள் வழக்கம்போலக் கூவினார்கள். மின்விசிறி சுற்றத் தொடங்கியது. மூலைக்கடையின் பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

கண்ணாடிக் கண்ணுக்குள் எதுவோ சுருங்கி விரிந்தது. அவள் முகத்தைப் பெரிதாக்குகிறார்கள். நெற்றி போனது. வாய் போனது. போனின் திரையில் இரண்டு கண்கள் மட்டும் நின்றன.

தெயனீரா சிமிட்டாமல் பார்த்தாள். விசிறிக் காற்று பட்டது. கண் எரிந்தது. இன்னும் விரித்தாள். விரலால் இமையை இழுத்துப் பிடித்தாள்.

எரிச்சல்தான். தண்ணீர் இல்லை.